மலையேறிய பழைய டிவி: படம் சுற்றாமல் ஓட என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டு டிவி மலையேறி இரண்டு வருடமாகிறது. விளக்கு மலையேறுவதைப் போல அல்ல, நிஜமாகவே ஏற்காட்டுக்குப் போய்விட்டது. 2016இல் வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்டி டிவி. சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் சுவரில் தொங்கியவரை அதை நான் திட்டாத நாள் இல்லை. புது டிவி வந்ததும், "சும்மா கெடக்கறதுக்கு இங்க அனுப்புடா" என்றார் அக்கா. இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்து வேனில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, நாகலூர்ப் பக்கம் அவர் வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன்.

அங்கே ஃபைபர் நெட் வந்த அடுத்த வாரமே போன் வந்தது. "தம்பி, இது சுத்திக்கிட்டே இருக்குடா."

கீழே இருந்தபோதும் அது சுற்றியது. ஆனால் கீழே சுற்றியதற்குக் காரணம் வேறு, மேலே சுற்றியதற்குக் காரணம் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கீழே நான் வீணாக்கிய காசும் நேரமும் கொஞ்சமல்ல. இன்டர்நெட் பிளானைக்கூட ஒரு முறை உயர்த்தினேன், பைசாப் பிரயோஜனம் இல்லை. ஸ்மார்ட் டிவிக்குப் புதிதானவர்கள், வீட்டில் பழைய டிவியை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் எல்லோருக்கும் நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் இதில் முக்கால்வாசி.

எது மெதுவாக இருக்கிறது?

"டிவி ஸ்லோ" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று விதம் இருக்கிறது. படமும் சத்தமும் சேர்ந்தே நின்று, வட்டம் சுற்றி, கொஞ்ச நேரத்தில் இரண்டும் மறுபடி கிளம்பினால் நெட் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சத்தம் பிசிறில்லாமல் போகிறது, படம் மட்டும் திக்கித் திக்கி வருகிறது என்றால் நெட்டைக் குறை சொல்ல முடியாது. வந்த படத்தைப் பிரித்துக் காட்ட டிவிக்குத் தெம்பில்லை. ரிமோட்டை அழுத்தி நாலு நொடி கழித்துத்தான் மெனு நகர்கிறது என்றால் ரேமும் சேமிப்பும் நிரம்பிக் கிடக்கின்றன.

அந்தச் சுற்றும் வட்டத்துக்கு பஃபரிங் என்று பெயர். பஃபர் என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மேட்டூர்த் தண்ணீர் நாள்விட்டு நாள்விட்டுத்தான் வருகிறது. ஆனாலும் மாடியில் தொட்டி இருப்பதால் குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. டிவிக்குள்ளும் அப்படி ஒரு சின்னத் தொட்டி உண்டு. நெட்டில் வருவதை முதலில் அதில் நிரப்பிக்கொண்டுதான் திரைக்கு விடும். வருவதைவிடச் செலவு அதிகமானால் தொட்டி காலியாகும், வட்டம் சுற்றும். அவ்வளவுதான் விஷயம்.

மூன்றில் உங்களுடையது எது என்று உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். முதலாவது போன் சோதனை. டிவிக்கு முன்னாலேயே நின்று, டிவி இணைந்திருக்கும் அதே வைஃபையில் போனை இணைத்து, அதே வீடியோவைப் போடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வைஃபை தடுமாறும்போது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறி உங்களை ஏமாற்றிவிடும். போனிலும் சுற்றினால் கோளாறு நெட்டிலோ வைஃபையிலோ இருக்கிறது.

இரண்டாவது பென்டிரைவ் சோதனை. போனில் எடுத்த சாதாரண 1080பி (ஃபுல் எச்டி) வீடியோ ஒன்றை எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகிப் பாருங்கள். அது வழவழவென்று ஓடினால் டிவியின் பிராசசர் நன்றாகத்தான் இருக்கிறது, நெட்டைப் பார்க்க வேண்டும். பென்டிரைவில் இருப்பதே திக்கினால் ரவுட்டரை மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். சில புதுப் போன்கள் வீடியோவை எச்இவிசி என்ற முறையில் பதிவு செய்யும். சோதனைக்கு எடுக்கும்போது கேமரா செட்டிங்கில் அதை எச்.264க்கு மாற்றிவிட்டு எடுங்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவுதான். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்), 1080பிக்கு 5, 4கே படத்துக்கு 15. எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான் ஓடியது. அதைவைத்து ஒரே நேரத்தில் இருபது டிவி பார்க்கலாம். ஆனால் ஒரு டிவியே சுற்றியது. போனில் 90 காட்டிய அதே அறையில் டிவியின் சொந்தப் பரிசோதனை 4 காட்டியது. அன்றைக்குத்தான் பிளானை உயர்த்தியது எவ்வளவு முட்டாள்தனம் என்று உறைத்தது.

அதனால் வேகத்தைப் போனில் பார்க்காமல் டிவியிலேயே பாருங்கள். பல டிவிகளில் நெட்வொர்க் செட்டிங்கில் சோதனை இருக்கும். பிரவுசர் இருந்தால் ஃபாஸ்ட் டாட் காம் என்று அடித்தால் போதும், நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் தளம் அது. காலை பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். தெருவே நெட்டில் உட்கார்ந்திருக்கும் இரவு ஒன்பது மணிக்குப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிளானில் போட்டிருப்பது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் டவுன்லோடு வேகம் 12 என்று காட்டினால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

மாதக் கடைசியில் மட்டும் சுற்றுகிறதா? அப்படியானால் டேட்டா அளவைப் பாருங்கள். அளவு தீர்ந்ததும் வேகம் குறையும் பிளான்கள் உண்டு. எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும், 4கேயில் 7 ஜிபி வரைக்கும் போகும். தினம் 2 ஜிபி ரீசார்ஜை நம்பி டிவி பார்ப்பவர்களுக்கு எச்டியில் ஒரு படம்கூட முழுசாகத் தேறாது. தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ்ஸில் படத்தின் போஸ்டர் வந்து சேர்வதே பெரிய விஷயம்.

வைஃபை: கீழே கூட்டம், மேலே சுவர்

எங்கள் டிவி சேலத்திலும் ஏற்காட்டிலும் வேறு வேறு காரணத்துக்காகச் சுற்றியது என்றேனே, அது இங்கேதான்.

பழைய டிவிகளில் பலவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். எங்களுடையதும் அப்படித்தான். அந்த அலைவரிசையில் தெருவே ஏறிக்கொண்டிருக்கிறது. குகையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரு வீட்டு மிக்ஸி அடுத்த வீட்டில் கேட்கும். போனில் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது 27 பெயர்கள் வந்தன. அதில் பாதிக்கு மேல் ஒரே சேனலில், அதாவது அந்த அலைவரிசைக்குள் ஒரே பாதையில், நின்றன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பிரவுசரில் உங்கள் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே வயர்லெஸ் பகுதிக்குப் போய், ஆட்டோ என்று இருப்பதை எடுத்துவிட்டு, மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதைப் போடுங்கள். சேனலின் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்கிவிடுங்கள். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது பக்கத்து வீடு இல்லாதவர்களுக்குத்தான்.

உங்கள் டிவிக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியுமானால் இந்தப் பாடே வேண்டாம். டிவி இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ ரவுட்டர் இருந்தால் அதிலேயே இணைத்துவிடுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 5 சோர்ந்துவிடும், அப்போது 2.4தான் கை கொடுக்கும். சமையலறை மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் படம் நிற்கிறதென்றால் வியக்காதீர்கள், அதுவும் அதே 2.4இல்தான் வேலை செய்கிறது.

ஏற்காட்டில் பக்கத்து வீடு என்பது காபிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் அந்தப் பக்கம். அனலைசரில் அக்கா வீட்டுப் பெயர் ஒன்றுதான் வந்தது. அப்புறம் ஏன் சுற்ற வேண்டும்? பழைய வீடு, ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். ஃபைபர் போட வந்தவர்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார்கள். "வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கு" என்று மாமா அதை இரும்பு பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். முன்னால் பீரோ, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி, அதற்குப் பின் கல் சுவர், அந்தப் பக்கம் டிவி. இரும்பைத் தாண்டி வைஃபை போகாது. கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பிவிடும்.

பீரோ மேல் ஏற்றலாமா என்று பார்த்தேன். வயர் எட்டவில்லை. ஃபைபர் வயரை இழுத்து மடக்கக் கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நூலை மடக்குவதுபோல மடக்கினால் உடைந்துபோகும். கடைசியில் இரண்டு ஸ்குரூ அடித்து, கதவு நிலைக்கு மேலே ஒரு சின்னப் பலகை வைத்து, ரவுட்டரை அங்கே ஏற்றினோம். கதவு திறந்திருந்தால் டிவி இருக்கும் அறை அங்கிருந்து நேராகத் தெரியும். டிவியின் சோதனையில் 2 என்று இருந்தது 18 ஆனது. செலவு இரண்டு ஸ்குரூ. மாமாவுக்கு இன்றைக்கும் அந்தப் பலகை பிடிக்கவில்லை, வெல்வெட் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். துணியைத் தாண்டி அலை போகும் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

ஃபைபர் வருவதற்கு முன் ஆறு மாதம் மாமாவின் போன்தான் அந்த வீட்டுக்கு நெட். ஏற்காட்டில் இன்னும் பல வீடுகளில் அதுதான் நிலைமை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டாயிற்று, டிவியில் பெயரே வரவில்லை. புதுப் போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் கொடுக்கும், 2.4 மட்டும் தெரிந்த டிவிக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள். சில போன்களில் கம்பேட்டிபிலிட்டி என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஆன் செய்தாலும் அதே வேலைதான். பெயர் வந்து பாஸ்வேர்டு போட்டும் இணையவில்லை என்றால் செக்யூரிட்டியைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பழைய டிவி சேராது, டபிள்யூபிஏ2 ஆக்க வேண்டும். வீட்டு ரவுட்டருக்கும் இது பொருந்தும்.

போனை வைக்கும் இடமும் முக்கியம். டிவிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் நல்லது என்று மாமா நினைத்தார். போனுக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள பத்தடி ஒரு பொருட்டே அல்ல, போனுக்கும் டவருக்கும் நடுவில் உள்ள மலைதான் பிரச்சினை. டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்தோம். இரண்டு புள்ளியில் இருந்த சிக்னல் மூன்று ஆனது, 720பி தடையில்லாமல் ஓடியது.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால் லேன் வயர் போடுங்கள். என்னைக் கேட்டால் முதலிலேயே அதைத்தான் சொல்வேன், ஆனால் சுவரோரமாக வயர் ஓடுவது யாருக்கும் பிடிப்பதில்லை. கேட் 5இ அல்லது கேட் 6 வயர், இரண்டு முனையிலும் பிளக் மாட்டியே கிடைக்கும். நூறு மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், 4கே படத்துக்கு அதுவே ஆறு மடங்கு. மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு வெட்டவெளியில் லேன் வயர் இழுக்காதீர்கள். அது செம்பு. ஏற்காட்டு இடியும் மின்னலும் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

டிவியின் மூளைக்குக் கொஞ்சம் இடம்

வீட்டில் நாம் டிவியை அணைப்பதே இல்லை. ரிமோட்டில் அழுத்தினால் அது தூங்கப் போகிறது, அவ்வளவுதான். திறந்து வைத்த ஆப் எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கும். பிளக் பாயின்ட்டில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். ஆண்ட்ராய்டு டிவியில் செட்டிங்கிலேயே ரீஸ்டார்ட் இருக்கும். சாம்சங்கில் ரிமோட்டின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் அணைந்து, லோகோவோடு திரும்ப வரும். எல்ஜியில் குயிக் ஸ்டார்ட் என்று ஒன்று ஆன் ஆகியிருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். டிவி திறக்கச் சில நொடி கூடுதலாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை இதைச் செய்தாலே பாதி வீடுகளில் மெனு சுறுசுறுப்பாகிவிடும்.

அடுத்தது சேமிப்பு. அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் ரேம் ஒன்று அல்லது ஒன்றரை ஜிபிதான், சேமிப்பு 8 ஜிபி. அதிலும் பெரும்பகுதியை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். எங்கள் டிவியில் பார்த்தபோது மிச்சம் இருந்தது 210 எம்பி. பையன் என்றோ ஏற்றிய மூன்று கார் விளையாட்டு, ஒரு மாதம் பார்த்து விட்ட இரண்டு சேனல் ஆப், ஒரு ஜோசிய ஆப். அது யார் வேலை என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தூக்கினேன். டிவியோடு வந்த ஆப்களை நீக்க முடியாது, ஆனால் ஆண்ட்ராய்டில் டிஸேபிள் செய்யலாம்.

வைத்துக்கொள்ளும் ஆப்களுக்கு கேஷ், அதாவது ஆப் சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை, கிளியர் செய்யுங்கள். செட்டிங், ஆப்ஸ், பிறகு அந்த ஆப்பின் பெயர் என்று போனால் இரண்டு பொத்தான் இருக்கும். கிளியர் கேஷ் என்பது குப்பையைக் கூட்டுவது. கிளியர் டேட்டா என்பது வீட்டையே காலி செய்வது, மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு நினைவில்லாத அக்காவிடம் போனில் பேசி இரண்டாவதை அமுக்க வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கேஷையே முதலில் கிளியர் செய்யுங்கள், அதில் தீரவில்லை என்றால்தான் மற்றது.

ஆண்ட்ராய்டு டிவியில் அபௌட் பகுதிக்குப் போய் பில்ட் என்ற வரியை ஏழு முறை அழுத்தினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று வரி இருக்கும். மூன்றையும் 0.5 ஆக்கினால் மெனு துள்ளிக்கொண்டு நகரும். படம் ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ரிமோட்டை அழுத்திக் காத்திருக்கும் எரிச்சல் குறையும். அங்கே உள்ள வேறு எதையும் தொடாதீர்கள்.

வேகம் கூட்டுகிறேன் என்று வரும் கிளீனர், பூஸ்டர் ஆப்கள் வேண்டவே வேண்டாம். இடமில்லாத வீட்டில் இடம் ஒழுங்குபண்ண ஓர் ஆளைக் குடிவைப்பதுபோல. டிஎன்எஸ் மாற்றினால் பறக்கும் என்பார்கள். அது முகவரி தேடும் வேலை மட்டும்தான், படம் ஓடத் தொடங்கியபின் அதற்கு அங்கே வேலையில்லை.

சூட்டையும் பாருங்கள். சேலத்துச் சித்திரையில், சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி, பின்னால் துளைகளில் நூல்தூசி. எங்கள் தெருவில் தறி ஓடும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லா டிவிக்கும் இந்தத் தூசி உண்டு. சிப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது.

குறைத்துக் கேளுங்கள்

சத்தம் சரியாக வந்து படம் மட்டும் திக்கும் கேஸ் இது. இதில் ஒரு சின்ன விளக்கம் தேவை. வீடியோவை அப்படியே அனுப்ப முடியாது, சுருக்கித்தான் அனுப்புவார்கள். சுருக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். மாம்பழக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கி அடுக்கினால் லாரியில் இடம் மிச்சம், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக அடிபடாமல் பிரித்தெடுக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். 2003இல் வந்த எச்.264 சாதாரண அடுக்கு, எந்த டிவியும் பிரிக்கும். 2013இல் எச்இவிசியும் விபி9உம் வந்தன, அதைவிட நெருக்கம். 2018இல் வந்த ஏவி1 இன்னும் நெருக்கம். பழைய டிவியின் சிப்பில் ஏவி1ஐப் பிரிக்கும் பகுதியே கிடையாது. தனிப் பகுதி இல்லாத எதையும் பொதுப் பிராசசர்தான் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும், அங்கேதான் திக்குகிறது.

யூடியூபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். படம் ஓடும்போது செட்டிங் சக்கரத்தில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்று ஒன்று வரும், ஆன் செய்யுங்கள். திரை மூலையில் எழுத்தாகக் கொட்டும், பயப்பட வேண்டாம், மூன்றே வரி போதும். கோடெக் வரியில் ஏவிசி1 என்றால் பழைய எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. டிராப்டு ஃபிரேம்ஸ் என்பது டிவி காட்ட முடியாமல் விட்டுவிட்ட ஃபிரேம்கள், அதாவது ஓடும் படத்தின் தனித்தனிப் படங்கள். அந்த எண் விறுவிறுவென்று ஏறினால் டிவிக்கு மூச்சு வாங்குகிறது. பஃபர் ஹெல்த் என்பது நம் மாடித் தொட்டியில் இன்னும் எத்தனை நொடிக்குத் தண்ணீர் இருக்கிறது என்பது. அது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் நெட்தான் குற்றவாளி.

ஃபிரேம் விட்டுப்போனால் தரத்தைக் குறையுங்கள். அதே சக்கரத்தில் குவாலிட்டி. 1080பி60 என்று இருந்தால் முதலில் 720பிக்கு வாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் வருவது டிவிக்கு 30ஐப் போல இரண்டு மடங்கு வேலை. பலர் கவனிக்காத ஒன்று: 32 அங்குல எச்டி ரெடி டிவியின் திரையில் உள்ள புள்ளிகளே 1366க்கு 768தான். அதில் 1080பி போட்டால் முழுசாக இறக்கி, பிரித்து, அப்புறம் சுருக்கித்தான் காட்டும். உழைப்பு இரண்டு மடங்கு, உங்கள் கண்ணுக்குக் கிடைப்பது அதே படம்.

ஒன்றைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சினிமாவில் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது படம் லேசாகத் துடிக்கும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அங்கே எடுத்த படமும் நொடிக்கு 24 ஃபிரேம், இன்று வருகிற படமும் பெரும்பாலும் 24தான். டிவி நொடிக்கு 60 முறை திரையை மாற்றுகிறது. 24 அதில் சரியாக வகுபடாது, ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கும். அந்தத் துடிப்பு அதனால்தான்.

பென்டிரைவில் வந்த கல்யாணம்

அக்கா பெண்ணின் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது, டிவியில் "இந்தக் கோப்பை இயக்க முடியாது" என்று வந்தது. 4கே, எச்இவிசி. ஃபுல் எச்டி டிவிக்கு அது எட்டாத சமாச்சாரம். லேப்டாப்பில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஃபாஸ்ட் 1080பி30 என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றினேன். இரவு முழுக்க ஓடியது, காலையில் தாலி கட்டுவதைப் பார்த்தோம். உங்கள் ஸ்டுடியோவிடம் முதலிலேயே "1080பி, எச்.264, எம்பி4இல் ஒரு காப்பி" என்று கேட்டுவிட்டால் இந்தப் பாடு இல்லை.

பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கலாம், பல டிவிகளுக்கு அது ஒத்துவராது. ஹார்டு டிஸ்க் செருகினால் விட்டு விட்டு ஓடுகிறதா? டிவியின் சாதாரண யூஎஸ்பி போர்ட் தருவது அரை ஆம்பியர்தான், டிஸ்க்கைச் சுழற்ற அது பற்றாமல் போகலாம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால்

திரை நன்றாக இருக்கிறது, உள்ளே உள்ள மூளைதான் பழசு. அப்போது வெளியிலிருந்து ஒரு மூளையைச் செருகிவிடலாம். எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக் அல்லது சின்னப் பெட்டி. ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி பெட்டி போல எதுவானாலும் சரி. அதற்கப்புறம் டிவி வெறும் திரைதான், படத்தைப் பிரிக்கும் வேலை முழுக்க ஸ்டிக்குடையது. புது டிவிக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்னப் பங்கில் முடிந்துவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய சாம்சங் டிவிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அப்படி ஆப்பே நின்றுபோன டிவிக்கும் இதுதான் வழி.

வாங்கினால் இரண்டு விஷயம். மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள், கூட வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். அப்புறம், பெட்டியில் வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கை டிவியின் உலோக முதுகோடு ஒட்டி வைத்தால் வைஃபை மறுபடி பழைய பீரோக் கதைதான்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளிடம் ஜாக்கிரதை. வைட்வைன் எல்1 என்ற நகல் தடுப்புச் சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் எச்டியே தராது, மங்கலாகத்தான் ஓடும். அதைவிட மோசம், 2023இல் பேட்பாக்ஸ் என்ற தீநிரல் சில மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் கடைக்கு வருமுன்பே ஏற்றப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மிச்சப்படுத்திய ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு நெட்டையே யாருக்கோ திறந்துவிடுவது.

ஸ்டிக் வேண்டாம், டிவியையே கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்றால் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் எல்லா ஆப் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாம்சங்கில் பின் கேட்டால் மாற்றாதவரை 0000தான். ரீசெட் முடிந்ததும் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். டிவி தன்னை 2016 என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஆப்கள் பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று திறக்கவே மாட்டா. பலர் இங்கேதான் டிவி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் போட்டுவிட்டு, வேண்டிய நாலு ஆப்பை மட்டும் ஏற்றுங்கள். ஜோசியம் வேண்டாம்.

மலையில் கரண்ட் போய் வருவது சகஜம். வந்தவுடன் எல்லோரும் முதலில் டிவியைத்தான் போடுவோம், அது உடனே "நெட் இல்லை" என்று சொல்லும். டிவி எழுந்திருப்பதைவிட ரவுட்டர் எழுந்திருக்க நேரமாகும், இரண்டு மூன்று நிமிடம்கூட. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டால் இந்தக் காத்திருப்பு போய்விடும். அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அக்கா வீட்டில் இன்னும் வாங்கவில்லை. கரண்ட் வந்ததும் கதவு நிலைக்கு மேலே வெல்வெட் துணியை விலக்கிப் பச்சை விளக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறார், வரவில்லை என்றால் காபிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுகிறார்.